சறுக்குக் கம்பை ஊன்றுகோலாக்கலாமா?

சூரியநெல்லியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "காஷ்மீரில் ராணுவத்தில் இருந்த மாமா பழைய ஸ்கீ கம்பு (பனிச்சறுக்கில் கையில் ஊன்றும் கம்பு) ஒரு ஜோடி கொண்டுவந்தார். அலுமினியம், 125 செ.மீ. நீளம். ஒன்றில் கைப்பிடிக்கு இரண்டு விரல்கடை கீழே நசுங்கியிருக்கிறது, இன்னொன்று லேசாக வளைந்திருக்கிறது. எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு) ரோட்டுக்கு ஏறி இறங்கும் அம்மாவுக்கு (152 செ.மீ. உயரம்) இதைச் சரிசெய்து கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். அதற்கு முன் ஒன்று. ஸ்கீ கம்பு உந்தி நடக்கத்தான். முழு உடம்பையும் அதன்மேல் சாய்க்கக் கூடாது. அம்மாவுக்கு முட்டிவலி என்றால் இரண்டு கம்பும் நல்ல துணை. நிற்கும்போதே தடுமாறுகிறார் என்றால் வளைந்த பிடியுள்ள ஊன்றுகோல்தான் வேண்டும்.

முதலில் அளவு. அம்மா வழக்கமாகப் போடும் செருப்போடு நின்று, முழங்கையை 'ட' போல மடக்கட்டும். தரையிலிருந்து பிடி வரை அளந்தால் அவர் உயரத்துக்கு 105 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட வரும். ஆக, 20 செ.மீ. வெட்ட வேண்டும்.

மேல்பக்கம்தான் வெட்ட வேண்டும். கம்பு கீழே போகப் போகச் சிறுக்கும். கூர்முனையும் அதற்கு மேலே உள்ள வட்டும் அந்தச் சிறுத்த அளவுக்கே செய்தவை. அடியில் வெட்டினால் முனை திரும்பப் பொருந்தாது. உங்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருக்கிறது: கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் கம்பே ஏறக்குறைய அரைச் சாண் இருக்கும், அதற்குக் கீழே இரண்டு விரல்கடை என்றால் நசுங்கிய இடம் வெட்டும் துண்டோடேயே போய்விடும்.

கைப்பிடியைக் கழற்ற, உச்சியில் திருகு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாளியில் கொதிநீர் ஊற்றிக் கைப்பிடிப் பக்கத்தை நாலைந்து நிமிடம் முக்கி, துணியால் பிடித்துத் திருகி இழுங்கள். பசை இளகி வந்துவிடும். கத்தியால் நெம்பிக் கிழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆக்ஸா பிளேடால் முதலில் 18 செ.மீ. மட்டும் வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, பசை போடாமல் கைப்பிடியைச் செருகி, இரண்டு நாள் வீட்டைச் சுற்றி நடக்கவிடுங்கள். மிச்சம் 2 செ.மீ. வேண்டுமா என்று அம்மாவே சொல்வார். பிடி தளர்ந்தால் கம்பில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. கடைசியில் அரால்டைட் பசை போட்டு ஒரு நாள் விட்டுவிடலாம்.

வளைந்த கம்பை அடுப்பில் காட்டாதீர்கள். அலுமினியக் கலவை சூட்டில் தன் உறுதியை இழந்துவிடும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து, துணி சுற்றி, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். முக்கால்வாசி நேரானால் போதும். நகத்தால் தடவும்போது மடிப்பு தட்டுப்பட்டால் நிமிர்த்தவே வேண்டாம், அந்த இடத்தில்தான் அடுத்து முறியும். (அலுமினியம் வருமுன் ஸ்கீ கம்புகளை மூங்கிலிலும் எஃகிலும் செய்தார்கள். 1958-ல் அமெரிக்காவில் எட் ஸ்காட் என்பவர் அலுமினியக் கம்பைக் கொண்டுவந்த பிறகே அது மாறியது. நம் மலையில் மூங்கிலுக்கா பஞ்சம்!)

அடியில் உள்ள அகலமான வட்டு பனியில் புதையாமல் இருக்க வைத்தது. தேயிலைச் செடியில் மாட்டி இழுக்கும். வெந்நீரில் முக்கித் திருகி எடுத்துவிடுங்கள். கூர்முனை மண்ணுக்கு நல்லது, சிமெண்ட் படியில் வழுக்கும். மருந்துக் கடையில் விற்கும் ஊன்றுகோல் ரப்பர் புஷ் பெரிதாக இருக்கும். முனையில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிச் செருகினால் இறுகிவிடும். இறக்கத்தில் மணிக்கட்டு வாரை மாட்ட வேண்டாம். விழுந்தால் கையை உடனே ஊன்ற முடியாது.

வெட்டிய துண்டுகளில் நசுங்காததை எறியாதீர்கள். நீளவாக்கில் ஒரு கீற்று அறுத்தால் சுருங்கிக் கம்புக்குள் நுழையும். நாளைக்கு மேல்பாதியில் எங்காவது முறிந்தால் உள்ளே வைத்து ஒட்ட அதுதான் உதவும்.