மகள் மாவோரி படிக்கிறேன் என்கிறாள்

அக்கா, நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். ஆக்லாந்தில் வளர்ந்த பெண், பள்ளி முடித்த கையோடு ஹாமில்டன் போய், வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் முழுக்க, நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மொழியான மாவோரியிலேயே படிக்கப் போகிறேன் என்கிறாள். வருடம் வீணாகாதா, அப்புறம் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1987 முதல் மாவோரி இந்த நாட்டின் ஆட்சி மொழி. 2040க்குள் 10 லட்சம் பேராவது ஓரளவு பேச வேண்டும் என்பது அரசு வகுத்த இலக்கு. 2023 கணக்கெடுப்பில் பேசத் தெரிந்தவர்கள் 2 லட்சத்துச் சொச்சம்தான். மாவோரி வழிப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை தீர்ந்தபாடில்லை. ஆனால் மொழியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடச் சொல்ல மாட்டேன். ஆசிரியப் பயிற்சி, சட்டம், செவிலியர் படிப்பு என்று கூடவே ஒன்று வேண்டும். இந்த வருடப் பாடங்கள் அவள் எடுக்கப்போகும் பட்டத்தில் எவ்வளவு கணக்கில் வரும் என்பதைச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

எனக்குக் கவலை வேலை பற்றியல்ல. முதல் இரண்டு மாதம் பற்றித்தான்.

வகுப்பில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, தாகமாக இருக்கிறது என்று சொல்லக்கூட வாய் வராது. சாயங்காலம் தலைவலி, வீட்டுக்கு வந்தால் மௌனம். 'ஃபக்கமா' என்று ஒரு சொல் உண்டு: வெட்கம், கூச்சம், குறுகிப்போவது எல்லாம் சேர்ந்த சொல். அவள் சீக்கிரமே கற்கும் சொற்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். அவளாவது புதிய மொழி தெரியாமல் திணறுவாள். பக்கத்தில் உட்காரும் மாவோரிப் பிள்ளைக்கு அது தன் பாட்டியின் மொழி. பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறை அது. அதனாலேயே பலர் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் விட்டார்கள். ஒரு பாட்டைப் பாடும்போது வகுப்பில் யாராவது அழுதால் அதற்குக் காரணம் இருக்கும். அங்கே உங்கள் மகள் 'எனக்குத்தான் முதலில் வந்தது' என்று கையைத் தூக்காமல் இருக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சலுகை. மாவோரியில், தன்னோடு கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'தாத்தோ', சேர்க்காவிட்டால் 'மாத்தோ'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது தலைசுற்றும். நமக்கு நாம், நாங்கள், அவ்வளவுதான். (இரண்டே பேர் என்றால் அதற்குத் தனிச் சொற்கள், அங்கே நாமும் சறுக்குவோம்.) குறில் நெடிலும் அப்படியே: 'கெக்கெ' என்றால் கேக், 'கேக்கே' என்றால் அக்குள். வீட்டில் தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவளுக்கு இது ஒரு வாரத்தில் பிடிபடும்.

சேர்வதற்கு முன் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். தே வானங்கா ஓ அவோத்தெயாரோவா என்ற மாவோரி உயர்கல்வி நிறுவனம் பல ஊர்களில் மாவோரி வகுப்புகள் நடத்துகிறது, இலவசமாகவே பல வகுப்புகள் உண்டு. மாலையில் ஒரு பருவம் போகட்டும். தப்பாகப் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், ஹாமில்டனுக்கு அனுப்புங்கள். பாதியில் நின்றுவிட்டால், முதலில் பட்டப்படிப்பில் சேர்ந்து மாவோரியை ஒரு பாடமாக எடுக்கட்டும்.

அப்புறம், முதல் வாரமே 'பெப்பெஹா' சொல்லச் சொல்வார்கள்: என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் இவர்கள் என்று எழுந்து நின்று அறிமுகம் செய்வது. இன்னொருவர் மலையைத் தன் மலை என்று அவள் சொல்ல முடியாது. வளர்ந்த ஊரைச் சொல்லலாம், தாய்வழி தந்தைவழி வந்த இடத்தைச் சொல்லலாம். உங்கள் ஊர் ஆற்றின் பெயர் அவளுக்குத் தெரியுமா என்று இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள்.