முதுகு காட்டும் கிளி

வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறோம். அக்கா குடும்பத்தோடு கனடாவுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் ஐந்து வருடம் வளர்த்த நீல ரிங்நெக் கிளி இப்போது என்னிடம். பெயர் நீலன். "நீலன்ர படம் அனுப்பு" என்று அக்கா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். நான் போனைத் தூக்கினால் போதும், அதுவரை "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று கத்திக்கொண்டிருந்தவன் வாயை மூடிவிடுவான். பிறகு திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிடுவான். எடுத்த படமெல்லாம் வாலும் கம்பியும்தான். அக்காவோடு வீடியோ கோல் கதைக்கும்போது மட்டும் கூட்டின் முன்பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"அதுக்கெண்டு ஒரு குணமும் இல்லை, கத்த மட்டும்தான் தெரியும்" என்கிறார் அம்மா. இவனை யாருக்காவது கொடுத்துவிட்டு ஆபிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வாங்கச் சொல்கிறார் மாமா. அது நன்றாகக் கதைக்குமாம், படத்துக்கும் நிற்குமாம். நல்ல கமெரா ஒன்று வாங்கினால் சரிவருமா? கிளியின் குணம் படத்தில் தெரிய என்ன செய்ய வேண்டும்?

ச.

---

அன்புள்ள ச.,

கமெரா வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். போனைத் தூக்கினால் நீலன் வாயை மூடுகிறான். வீடியோ கோல் என்றால் முன்னால் வந்து நிற்கிறான். மூன்று மாதமாக அக்காவின் குரல் எங்கிருந்து வருகிறது? அந்தப் போனிலிருந்துதான். உங்களுக்கு அது கமெரா. அவனுக்கு அது அக்கா வரும் இடம். நீங்கள் தூக்கியதும் அவன் கத்தலை நிறுத்துவது குரலுக்குக் காது கொடுக்கத்தான் என்று நினைக்கிறேன். குரல் வருவதில்லை. திரும்பிவிடுகிறான்.

இது என் ஊகம்தான். ஆனால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிழமைக்கு வேறு எதிலாவது படம் எடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய போன் போதும். அக்காவோடு கதைக்கும் போன் அந்த நேரம் அவன் கண்ணில் பட வேண்டாம். வீடியோ கோல் கிளிக்கு ஒரு பொருட்டா என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 18 வளர்ப்புக் கிளிகளுக்கு, மணியை அடித்து, திரையில் தெரியும் வேறு கிளிகளில் ஒன்றைத் தெரிந்து வீடியோவில் அழைக்கப் பழக்கினார்கள். ஒரு கிளி யாரை அழைக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் விருப்பு வெறுப்பு தெரிந்தது. குணம் இல்லாத பிராணி ஆள் பார்த்து அழைக்காது.

அடுத்தது அந்த முதுகு. கிளிக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டே உங்களைப் பார்க்க அதனால் முடியும். உண்மையாகப் பயந்த கிளி இறகை உடம்போடு ஒட்டி இழுத்து, கழுத்தை நீட்டி, மெலிந்து உயர்ந்து நிற்கும். கூட்டின் தூரமான மூலைக்குப் போகும். நீங்கள் எடுத்த "கூடாத" படங்களை அழித்துவிடவில்லையே? எடுத்துப் பாருங்கள். முதுகு இறகு தளர்ந்து பஞ்சுபோல இருக்கிறதா, ஒரு காலை வயிற்றுக்குள் மடித்திருக்கிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் அவன் பயப்படவில்லை. உங்களோடு இருக்க அவனுக்குச் சம்மதம், போனோடுதான் கோபம்.

எங்கள் வீட்டில் பச்சை ரிங்நெக் ஒன்றும் கொக்கட்டைல் என்ற சின்னக் கொண்டைக்கிளி ஒன்றும் இருக்கின்றன. ரிங்நெக் பெட்டை வந்த புதிதில் நான் கமெராவைக் கூட்டுக்கு எதிரே ஒரு கதிரையில் இரண்டு கிழமை சும்மா வைத்தேன். ஒரு படமும் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து புத்தகம் வாசிப்பேன், கச்சான் உடைத்துத் தின்பேன், அவளுக்கும் ஒன்று கொடுப்பேன். பத்தாம் நாளோ என்னவோ, கூட்டைத் திறந்துவிட்டபோது நேரே வந்து கமெரா வாரைக் கடித்தாள். அதற்குப் பிறகுதான் படம். முதல் படத்தில் சொண்டு மட்டும், அதுவும் மங்கல். இன்றும் அதை வைத்திருக்கிறேன்.

பொறுமை இல்லாமல் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு இரவு கொக்கட்டைல் தலையை முதுகு இறகுக்குள் செருகித் தூங்கிய அழகைப் பார்த்து ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். அது திடுக்கிட்டுக் கூடு முழுக்க அடிபட்டது. வளரும் புது இறகுக்குள் இரத்தம் ஓடும். சிறகில் அப்படி ஒன்று முறிந்துவிட்டது. சோளமாவை வைத்து அழுத்தித்தான் இரத்தம் நின்றது. அந்த இரவு என் கை நடுங்கியதை மறக்க மாட்டேன். ஃபிளாஷ் வேண்டாம், ஒருபோதும் வேண்டாம்.

உங்கள் யன்னல் கடல் பக்கமா? அப்படியென்றால் காலமை எட்டு மணிக்கு வெயில் நேரே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். அதுதான் வேண்டும். யன்னல் உங்கள் முதுகுக்கோ தோளுக்கோ பின்னால் இருக்கட்டும். கூட்டுக் கம்பி வில்லங்கம் என்றால் கமெரா வில்லையைக் கம்பிக்கு இடையில் ஒட்டினாற்போல் வையுங்கள், படத்தில் கம்பி கரைந்துவிடும். அவன் கண் உயரத்துக்கு நீங்கள் குனியுங்கள். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் நிற்கும். சில படங்களில் கண்ணில் ஆடை படர்ந்ததுபோல் வெளுத்துத் தெரியும். நோய் என்று பயப்படாதீர்கள். பறவைக்கு உள்ள மூன்றாவது இமை மூடிய கணம் அது.

நீலனின் நிறத்தைப் பற்றியும் சொல்ல ஆசை. கிளியின் பச்சை ஒரே சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைக் காட்டுகிறது. அதன் மேல் மஞ்சள் சாயம் சேரும்போது நமக்குப் பச்சை தெரிகிறது. நீலனுக்கு அந்த மஞ்சள் பிறவியிலேயே இல்லை. அவனுடைய இறகில் நீலச் சாயம் கிடையாது, அந்த நீலம் அமைப்பும் வெளிச்சமும் சேர்ந்து காட்டுவது. குழல்விளக்கின் கீழ் எடுத்தால் அந்த நிறம் படத்தில் மங்கலாக வரலாம். காலமை யன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

குணம் ஒரு படத்தில் தெரியாது. நூறு படத்தை வரிசையாக வைத்தால் தெரியும். ஒருநாள் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் ஆறு மணியை ஒட்டிய படங்களில் எல்லாம் எங்கள் ரிங்நெக் ஒரே பக்கம், யன்னல் மேல் மூலையைப் பார்த்தபடி. அடுத்த நாள் நானும் அங்கே பார்த்தேன். கொழும்பின் காட்டுக்கிளிகள் கூட்டமாக, கீச்சிட்டுக்கொண்டு, அடையும் மரத்துக்குப் போகும் நேரம் அது. ஒவ்வொரு நாளும் அவள் அதற்குக் காத்திருந்திருக்கிறாள். இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்த நேரம் யன்னல் திரையை மூடுவதில்லை.

நீலனிடமும் அப்படிப் பாருங்கள். எந்தக் காலால் சாப்பாட்டைத் தூக்குகிறான், யார் வந்தால் கண்மணி சுருங்கி விரிகிறது. வளர்ந்த ரிங்நெக்குக்குக் கண்மணியைச் சுற்றியுள்ள வளையம் வெளிர் நிறம் என்பதால் அது நன்றாகத் தெரியும். சந்தோசத்திலும் அப்படி வரும், கடிக்கப் போகும்போதும் வரும். அந்த நேரம் பிடரி இறகு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாமாவுக்கு என் பதில்: சாம்பல் கிளி கெட்டிக்காரப் பறவைதான். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் பழக்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் சொன்னது. ஆனால் காட்டிலிருந்து பிடித்துப் பிடித்தே அந்த இனம் குறைந்துபோனது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2016இல் அதை மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு ஏற்றியது. காட்டில் பிடித்ததை நாடுவிட்டு நாடு விற்பது தடைசெய்யப்பட்டது. இன்னொன்று, சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது வருடம் இருக்கும். எங்கள் சனத்தில் யார் எந்த வருடம் விமானம் ஏறுவார் என்று சொல்ல முடியாது. ஆள் போய்க் கிளி நின்றுவிட்ட வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீலனை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருமுறை அவனுக்கு ஆள் மாறிவிட்டது, அது போதும்.

அக்காவுக்கு இன்றைக்கே அந்த முதுகுப் படங்களில் ஒன்றை அனுப்புங்கள். "போனைத் தூக்கியதும் உங்கள் குரல் வருகிறதா என்று கேட்கிறான்போல இருக்கிறது" என்று எழுதி அனுப்புங்கள். அவர் "தேத்தண்ணி" என்று சொல்லி ஒரு குரல்பதிவு அனுப்பட்டும். அதைப் போட்டுவிட்டு, பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் திரும்பும்வரை இருங்கள்.