அகல லென்ஸா, மூலையைப் பாருங்கள்

தெருக்களைப் படமெடுக்க அகலக் கோண லென்ஸ் வாங்குவது பற்றி இம்முறை கனக்கக் கடிதங்கள். இடம் போதாததால் சுருக்கியிருக்கிறேன்.

கே: கொழும்பு புறக்கோட்டைத் தெருக்களைப் படமெடுக்க ஆசைப்பட்டு, '58 எம்எம், 0.45 வைட்' என்று பெட்டியில் எழுதிய லென்ஸை 14,500 ரூபாவுக்கு வாங்கினேன். ஆறு மாதம் சேர்த்த காசு. என் கெனன் 18-55 லென்ஸின் முன்னால் பூட்டினால் ஓரமெல்லாம் கலங்கி, மூலைகள் கறுப்பாக வருகின்றன. "உமக்குப் பாவிக்கத் தெரியாது" என்கிறார் கடைக்காரர். பிழை என்னிலா? (புதுக்குடியிருப்பு)

ப: உங்களில் ஒரு பிழையும் இல்லை, தம்பி. உங்களுக்கு விற்றது லென்ஸே அல்ல, லென்ஸின் முன்னால் திருகிப் பூட்டுகிற ஒரு கண்ணாடி. 58 என்பது அது எவ்வளவு அகலமாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் இல்லை. திருகும் வாயின் விட்டம், அவ்வளவுதான். உங்கள் 18-55 இன் முன் வளையத்தைப் பாருங்கள், குறுக்கே கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் அதே 58 இருக்கும். அகலத்தைச் சொல்வது 18-55 என்ற எம்எம் எண்கள்தான், எண் சிறுத்தால் காட்சி அகலும். 0.45 என்பது அந்த 18ஐ 8 ஆக்குவதாகச் சொல்கிற கணக்கு. கணக்கு பெட்டியில் சரி. கலங்கலும் கறுப்பும் படத்தில்தான் தெரியும்.

நானும் இதே சாமானை வாங்கியவன். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு அதைப் பூட்டிக்கொண்டு போனேன். கமராவின் சின்னத் திரையில் சனம் முழுவதும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் நடுவில் நின்றவர்களுக்கு மட்டும்தான் முகம் இருந்தது. வலது ஓரத்தில் பாற்செம்பு ஏந்தி வந்த அம்மாவின் முகம், தண்ணீர் பட்ட மை போல வெளிப்பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. சேலைக் கரையோரம் ஊதாக் கோடு. அந்தப் படத்தைக் கேட்டு அவருடைய மகள் வந்தபோது கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை பேசாமல் திரும்பிப் போனது இப்போதும் மனதில் நிற்கிறது.

எனக்குக் கோபம் வருவது கண்ணாடியில் இல்லை, பெட்டியில் எழுதுகிறவர்களில். 'புரொபெஷனல்', 'எச்டி', '4கே' என்று நான்கு பக்கமும் அச்சடிக்கிறார்கள். தெரிந்தவனுக்கு இந்த வார்த்தைகளால் ஒன்றும் இல்லை. தெரியாதவனுக்கு, அதுவும் கூலி வேலை செய்து காசு சேர்த்தவனுக்கு, அவை உறுதிமொழி போலத் தெரிகின்றன. கமரா வாங்கும்போது பை, ஸ்ராண்ட், துடைக்கும் துணியோடு இந்தக் கண்ணாடியையும் சேர்த்து 'கொம்போ' என்று தலையில் கட்டுகிற கடைகளும் உண்டு. அந்தக் காசைச் சேர்த்து வைத்திருந்தால் பாவித்த நல்ல லென்ஸ் ஒன்றுக்கு முற்பணமாவது ஆகியிருக்கும்.

சரி, இனிச் செய்ய வேண்டியது. கடைக்குப் போய்ப் பில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எடுத்த படங்கள் இரண்டை அச்சடித்து, பெட்டியையும் வைத்துக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்புங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், நாளைக் கடத்த வேண்டாம். வழி கேட்க 1977க்கு அடியுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

கே: கிளிநொச்சித் தெருக்களை எடுக்க கெனன் 10-18 வாங்கலாமா? இப்போது 18-55 இருக்கிறது. (பரந்தன்)

ப: லென்ஸ் நல்லது. ஆனால் எங்கள் தெருவுக்கு வேண்டாம். டிப்போச் சந்தியில் நின்று ஏ9 வீதியை 10இல் எடுத்தால் மேல் பாதி வானம், கீழ்ப் பாதி தார், நடுவில் கடைகள் தீக்குச்சி உயரத்தில் வரும். எங்களுடைய தெரு அகலம், கட்டிடங்கள் உயரம் குறைந்தவை. இரண்டு பக்கமும் நெருக்குகிற புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில்தான் 10க்கு வேலை இருக்கிறது.

உங்கள் கமராவில் படத்தைப் பதிகிற சென்சர் சின்னது, பெரிய சென்சரோடு ஒப்பிட எண்ணை 1.6ஆல் பெருக்க வேண்டும். அதனால் கையில் உள்ள லென்ஸின் 18, பழைய பிலிம் அளவான முழுச் சென்சரில் ஏறக்குறைய 29 எம்எம். நியூயோர்க் தெருக்களில் அமெரிக்கப் படக்காரர் காரி வினோகிராண்ட் பெரும்பாலும் 28 எம்எம்மோடுதான் நடந்தார். சூம் வளையத்தை 18இல் வைத்து ரேப் ஒட்டிவிட்டு ஒரு மாதம் சந்தைக்குப் போய் வாருங்கள். அகலக் கோணத்தில் ஆள் சின்னதாகத் தெரிந்தால் கிட்டப் போக வேண்டும். மரக்கறி விற்கிற அம்மாவிடம் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, தராசுக்கு ஒரு முழம் தள்ளி நின்று எடுங்கள். பிறகும் இடம் போதவில்லை என்றால் எழுதுங்கள், 10-18 வாங்கச் சொல்கிறேன்.

கே: அகல லென்ஸுக்குக் காப்பாக இரண்டு பில்டர் போடலாமா? (செட்டிகுளம்)

ப: ஒன்று, அதுவும் மெல்லிய வளையம் உள்ளது. இரண்டு போட்டால் மூலை இருளும்.

கே: வட்ஸ்அப்பில் படம் பார்த்து, வங்கியில் காசு போட்டு, நிக்கோன் 18-55 ஏஎப்-பி லென்ஸ் ஒன்று எடுத்தேன். என் நிக்கோன் டி90 கமராவில் போகஸ் ஆகவில்லை. விற்றவர் போன் எடுக்கிறார் இல்லை. பில் இல்லை. (வவுனியா)

ப: ஏஎப்-பி என்பது நிக்கோனின் புதிய வகைப் போகஸ் மோட்டார். அந்த லென்ஸ் டி90இல் வேலை செய்யாது, கையால் திருகினாலும் போகஸ் ஆகாது. லென்ஸில் குற்றமில்லை, அது புதிய கமராக்களுக்குச் செய்தது. கமராவின் பெயரைச் சொல்லி விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தீர்களா? இல்லை. வவுனியா பஸ் நிலையத்தடியில் சந்தித்து, உங்கள் கமராவிலேயே பூட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுத்திருக்கலாம். இந்த மாதம் இப்படி வந்த நான்காவது கடிதம் இது. டி3400 வைத்திருப்பவருக்கு அதை விற்றுவிடுங்கள், அவருக்கு உதவும். விற்கும்போது எந்தக் கமராவுக்கு ஆகாது என்பதையும் சொல்லி விற்க வேண்டும்.

கே: ஸ்ரூடியோ ஒன்று மூடுகிறார்கள். அகல லென்ஸ் ஒன்றை மலிவாகத் தருவார்களாம். எப்படிப் பார்த்து வாங்குவது? (மல்லாவி)

ப: ரோச் லைற்றும் உங்கள் கமராவும் கொண்டுபோங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசு இருந்தால் பயமில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் போனால் அது பூஞ்சணம். முற்றியது கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், துடைத்தாலும் தடம் போகாது. ஒக்டோபரிலிருந்து தை வரை எங்கள் மழையில் தோல் பைக்குள் பூட்டி வைத்த லென்ஸ் என்றால் இரண்டு தரம் பாருங்கள். நான் ஒரு தரம் பார்க்காமல் வாங்கியதை இப்போது காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருக்கிறேன்.

பிறகு றோட்டுக்கு எதிரே மூடியிருக்கும் கடையின் சுருள் கதவுக்கு நேராக நின்று, படம் முழுவதும் தகரக் கோடுகள் வரும்படி ஒன்று எடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைக்கும் போங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கினால் மலிவு லென்ஸின் இயல்பு, விலையைக் குறைத்துக் கேட்கலாம். இடது மூலை கூராகவும் வலது மூலை கலங்கலாகவும் இருந்தால் உள்ளே கண்ணாடி சரிந்திருக்கிறது. எங்கேயோ விழுந்த லென்ஸ். வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கினால், காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு அதில் வையுங்கள்.

கே: நாலு கமரா உள்ள போன் வாங்கினால் லென்ஸ் தேவையில்லைத்தானே? (முல்லைத்தீவு)

ப: நாலில் எது அகலம் என்று கேளுங்கள். மலிவு போன்களில் இரண்டு கமராக்கள் 2 மெகாபிக்சலில் எண்ணிக்கைக்கு நிற்பவை. கடையின் இருட்டான மூலையில், திரையில் அகலக் கமராவைக் குறிக்கும் 0.5ஐத் தொட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அங்கேதான் வெளிக்கும். ஐபோன் 11இலேயே அகலக் கமராவுக்கு இரவு முறை கிடையாது. காசு கொடுக்குமுன் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை (போனின் அடையாள எண்), ஐஎம்இஐ (IMEI) என்று எழுதி இடைவெளி விட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போன்தானா என்று பாருங்கள்.

கே: புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை எடுத்தேன், கட்டிடம் பின்பக்கம் சாய்ந்து விழுவது போல வருகிறது. இதற்கென்று வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா? (மாங்குளம்)

ப: வேண்டாம், தங்கச்சி. கமராவை அண்ணாந்து பிடித்ததால் வந்தது. அங்கே கோடு கோடாகச் சிவப்பும் வெள்ளையும் இருப்பதால் சாய்வு இன்னும் கூடத் தெரியும். பின்னுக்குப் போகத் தெருவில் இடமில்லை. எதிர்ப்பக்கக் கடைக்காரரிடம் கேட்டு மேல்மாடியில் ஏறி, கமராவை நேராகப் பிடித்து எடுங்கள். எடுத்த படத்தைப் போனிலேயே நிமிர்த்தலாம். ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

கே: கனடாவில் இருக்கும் மாமா லென்ஸ் வாங்கி அனுப்புகிறாராம். என்ன சொல்ல? (நெடுங்கேணி)

ப: லென்ஸின் பெயரைச் சொல்லாதீர்கள். உங்கள் கமராவில் எழுதியுள்ள பெயரையும் லென்ஸ் பூட்டும் வாயையும் படமெடுத்து அனுப்புங்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டி வாங்கட்டும். பில்லையும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.