வென்டிலேட்டரில் இருப்பவரை ஏன் குப்புறப் படுக்க வைக்கிறார்கள்?

கேள்வி: கடும் நிமோனியாவால் அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். தினமும் 16 மணி நேரம் குப்புறப் போட்டிருக்கிறார்கள். மூச்சு முட்டாதா? கைவிட்ட நிலையில் செய்வதா இது?

பதில்: முட்டாது. காற்று டியூப் வழியாக நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது. கைவிட்ட நிலையில் செய்வதும் அல்ல, தாமதிக்காமல் தொடங்க வேண்டிய சிகிச்சை.

மல்லாந்து கிடக்கும்போது நீர் கோத்துக் கனத்த நுரையீரலும் இதயமும் முதுகுப்பக்கத்தை அமுக்குகின்றன. அங்குள்ள காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் ரத்தம் அதிகம் ஓடுவது அங்கேதான். அது ஆக்சிஜன் ஏறாமலே திரும்புகிறது. குப்புறப் போட்டால் அந்த அறைகள் திறக்கும், ரத்த ஓட்டமும் பெருமளவு அங்கேயே தொடரும். காற்று சீராகப் பரவுவதால் வென்டிலேட்டரின் அழுத்தம் நுரையீரலைக் காயப்படுத்துவதும் குறையும். அதனால்தான், மானிட்டரில் ஆக்சிஜன் அவ்வளவாக ஏறாதவருக்கும் இதில் பலன் இருக்கலாம்.

2013-ல் வெளியான புரோசீவா ஆய்வில், மல்லாந்தே இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 32.8 சதவீதம், நீண்ட நேரம் குப்புறக் கிடந்தவர்களில் 16 சதவீதம். ஓரிரு மணி நேரம் போட்டுத் திருப்பிவிட்டால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: திருப்பும்போது என்ன ஆபத்து?

பதில்: டியூப் நழுவுவதுதான் பெரிய பயம். அதனால் தலைமாட்டில் நிற்பவருக்கு டியூபைப் பிடிப்பது மட்டுமே வேலை. அவர் எண்ணிச் சொன்னால்தான் இருபுறமும் நிற்பவர்கள் திருப்புவார்கள். அதற்கு முன்பே டியூப் உணவை நிறுத்தி, இரைப்பையில் இருப்பதையும் சளியையும் உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜனை 100 சதவீதமாக்கி, கண்களை மூடி டேப் ஒட்டியிருக்க வேண்டும். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி பட்டைகள் முதுகுக்கு மாறும்.

திருப்பியதும் டியூப் அதே சென்டிமீட்டர் குறியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சட்டென்று இறங்கினால் டியூப் மடங்கியிருக்கலாம், உள்ளே போயிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம்.

மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து, வயிறு அழுந்தாமல் விடுவார்கள். முகம் திரும்பிய பக்கத்துக் கை மேலே, மற்றது உடலோடு. தோள் அளவுக்கு மீறி விரிந்தால் நரம்பு இழுபட்டுக் கை பலவீனமாகும். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தலையையும் கைகளையும் மாற்றாவிட்டால் கன்னம், நெற்றி, தாடையில் புண் வரும். முகம் வீங்குவதைக் குறைக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவார்கள். அப்படியும் வீங்கினால் பதறாதீர்கள். மல்லாத்திய பிறகு வடிந்துவிடும்.

கேள்வி: எல்லோருக்கும் செய்யலாமா?

பதில்: இல்லை. நிலைநிறுத்தப்படாத முதுகெலும்பு முறிவு உள்ளவரைத் திருப்பக் கூடாது. நோய் இவ்வளவு கடுமையாக இல்லாதவர்களுக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பதே வழக்கம்.