படைக் கால்நடை மருத்துவ அதிகாரி சண்டையே போடாமல் போரில் இறந்தது எப்படி?

முதல் உலகப்போரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். குண்டும் கொன்றது, நோயும் கொன்றது. குதிரை லாயங்கள் பல பீரங்கி எட்டும் தூரத்திலேயே இருந்தன. மெசபடோமியாவில் காலராவும் வெயிலும் வேறு.

அன்றாட வேலையில் ஆபத்தானது கிளாண்டர்ஸ் என்னும் குதிரைத் தொற்றுநோய்க்கான சோதனை. குதிரையின் கீழிமைத் தோலுக்குள் 0.1 மில்லி மாலீன் (அந்நோய்க் கிருமியிலிருந்து எடுத்த சாறு) ஊசி. 48 மணி நேரத்தில் இமை வீங்கிச் சீழ் வடிந்தால் நோய்தான், சுட்டுவிட வேண்டியதுதான். அந்த மூக்குச்சளி கைக்காயத்தில் பட்டால் மருத்துவருக்கும் தொற்றும். ஆன்டிபயாடிக் இல்லாத காலம், பிழைப்பது அரிது.

பாலைவனத்தில் இன்னொரு தொல்லை, மணல் வயிற்றுவலி. தனுஷ்கோடி மணலில் கட்டிப்போட்டுத் தீனி வைக்கும் குதிரைக்கும் இது வரும். கொள்ளுத் தீனியைத் தரையில் கொட்டினால் மணலும் சேர்ந்து போய்ப் பெருங்குடலை அடைக்கும். லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், அடியில் மணல் படியும். தீனியை முகத்தில் கட்டும் பையில் கொடுத்தாலே பாதித் தொல்லை குறையும்.