பட்டாலையில் கேட்காத வசனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில், வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய பட்டாலையில் (கூடத்தில்) 55 அங்குல டிவி வைத்திருக்கிறோம். சமீபத்திய ஹாலிவுட் படங்கள் மேல் எனக்குக் கோபம். 'ஓப்பன்ஹைமர்', 'டூன்' இரண்டாம் பாகம் இரண்டிலும் ஆளாளுக்கு வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நிமிடமே வெடிச்சத்தம். அப்பத்தா எழுந்து வந்துவிடுகிறார். தமிழ் டப்பிங் படங்களில் இந்தத் தொல்லை இல்லை. இவர்களுக்கு வசனம் பேசத் தெரியாமல் போய்விட்டதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நடிகர்களைக் குறை சொல்லுமுன் உங்கள் பட்டாலையைப் பாருங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல். சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. இரண்டுமே ஒலியை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரத்தில் சாமான் அதிகமில்லாத மூடிய கூடம் என்றால், கணக்குப்படி ஒலி அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகும். பேச்சு தெளிவாகப் புரிய 1 விநாடிக்குள் அடங்க வேண்டும். நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறுகிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடுவதால் ரிமோட்டால் பலனில்லை.

செலவில்லாத வழி, நாற்காலியை முன்னால் இழுப்பது. 5 மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்கு வந்தால் டிவியிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும், எதிரொலி அப்படியே இருக்கும். தரையில் கோரைப்பாய் போதாது, இலவம்பஞ்சு மெத்தையோ தடித்த ஜமுக்காளமோ வேண்டும். டிவிக்கு எதிர்ப்பக்கம் கனமான திரையை, சுவரிலிருந்து அரைச் சாண் விலக்கிக் கொடியில் தொங்கவிடுங்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் சற்றே கனத்த குரலையும் திரை பிடிக்கும். ஒரு அங்குல ஃபோம் வாங்கிச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது கீச்சொலியை மட்டும் விழுங்கி, மெய்யெழுத்துகளின் கூர்மையைக் கெடுக்கும். முழக்கம் அப்படியே நிற்கும். பிய்த்து எடுக்கும்போது பூச்சும் பெயர்ந்து வரும். அதை மறுபடி இழைக்கத் தெரிந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. முடிந்தால் டிவியையே வளவைச் சுற்றியுள்ள சின்ன அறை ஒன்றுக்கு மாற்றுங்கள். பெட்டியும் படுக்கையும் நிறைந்த அறைதான் நல்லது.

அடுத்து செட்டிங். படத்தின் ஒலி 5.1 (ஆறு தடங்களாகப் பிரித்தது) என்றால் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே கலக்கப்பட்டிருக்கும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். ஆறு தடங்களும் அதற்குள் நெருக்கியடித்து வருகின்றன. ஆடியோ பட்டியலில் ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பேச்சைத் தூக்கிக் காட்டும் வசதி டிவியில் இருந்தால் போடுங்கள். நைட் மோடு வெடியை அடக்கி முணுமுணுப்பை உயர்த்தும். அப்பத்தாவுக்கு அதுதான் மருந்து. சவுண்ட் பார் வாங்குவதானால் 2.1 வேண்டாம், நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் 'தி ஹோல்டோவர்ஸ்' (2023) போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடம், மூன்று பேர், பேச்சுதான் படம். அதுவும் குழம்பினால் குறை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அது தெளிவாகக் கேட்டு 'ஓப்பன்ஹைமர்' மட்டும் குழம்பினால் உங்கள் கோபம் நியாயமானது, அது அந்தப் படத்தின் இயக்குநர் நோலனைச் சேர வேண்டியது. ஐமாக்ஸ் ஃபிலிம் கேமரா ஓடும்போது இரைச்சல் போடும். இருந்தும் வசனத்தைப் பிறகு ஸ்டூடியோவில் பேசவைப்பதை அவர் விரும்புவதில்லை. படப்பிடிப்பில் பதிந்த குரலையே வைத்துக்கொள்கிறார். நடிப்பின் உயிர் அதில்தான் என்பது அவர் கட்சி. அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் இசையை இத்தனை நேரம் ஓடவிட்டதை ஏற்க மாட்டேன். டப்பிங்கில் வாய்க்குப் பக்கத்தில் மைக், சுற்றிலும் ஒலி அடைத்த அறை. அதனால்தான் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

'டூன்' கதை வேறு. அங்கே கிசுகிசுப்பும் அதிரும் ஓசையும் பக்கத்துப் பக்கத்தில் வருவது திட்டமிட்டே. தியேட்டரின் சத்த அளவுக்குக் கலந்தது. வீட்டில் அதைவிடக் குறைத்து வைக்கும்போது கிசுகிசுப்பு மின்விசிறி ஓசைக்குக் கீழே போய்விடும். அந்தப் படத்துக்கு விசிறியை நிறுத்துங்கள், ஆங்கில சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளுங்கள்.