தாய்லாந்தில் ஓய்வுக்கால அனுமதி: கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் முன்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வயது 63. மனைவியோடு சியாங் மாயில் வசிக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் போன்றோருக்கான 'நான்-இமிகிரண்ட் ஓ' விசாவில் வந்து, வங்கியில் 8 லட்சம் பாத் காட்டி ஆண்டுதோறும் நீட்டித்து வருகிறேன். மனைவிக்கு என்னைச் சார்ந்தவர் என்ற வகையில் நீட்டிப்பு. இப்போதைய அனுமதி பிப்ரவரி 12 வரை. மகள் கல்யாணத்துக்காக ஜனவரி 10 கோவைக்குக் கிளம்பி, பிப்ரவரி 25 திரும்புகிறோம். வங்கிப் பணத்தில் 5 லட்சத்தை எடுத்துச் செலவு செய்யலாமா? ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கிக்கொண்டு போனால் போதும்தானே? பிப்ரவரி முதல் வாரம் வர வேண்டிய 90 நாள் ரிப்போர்ட்டை என்ன செய்வது?

பதில்: ரீ-என்ட்ரி பெர்மிட் மட்டும் போதாது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணத் தேதிகளில் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நாட்டை விட்டு வெளியே போனாலும் உங்கள் அனுமதி ரத்தாகாமல் காப்பதுதான் அந்த பெர்மிட்டின் வேலை. அனுமதியின் ஆயுளை அது ஒரு நாள்கூடக் கூட்டாது. பிப்ரவரி 12 அன்று நீங்கள் கோவையில் இருந்தால் அனுமதி அங்கேயே முடிந்துவிடும், பெர்மிட்டும் அதோடு செல்லாது. திரும்பி வந்து எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆகவே கிளம்பும் முன்பே நீட்டிப்பை வாங்கிவிடுங்கள். வழக்கமாக, அனுமதி முடிய 30 நாள் இருக்கும்போது குடிநுழைவு (இமிகிரேஷன்) அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குவார்கள். அந்தக் கணக்கில் ஜனவரி 13-க்கு முன் உங்களுக்கு வழியில்லை. சில அலுவலகங்கள் 45 நாள் முன்பே வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் டிசம்பர் 29-லிருந்து போகலாம். உங்கள் அலுவலகத்தின் வழக்கத்தை இப்போதே நேரில் கேட்டுவிடுங்கள். புத்தாண்டு விடுமுறையும் நடுவில் வருகிறது. 30 நாள்தான் என்றால் பயணத்தை ஜனவரி 13-க்குப் பிறகு தள்ளுங்கள், அல்லது இப்போதைய அனுமதியின் மேலேயே ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கிப் போய், பிப்ரவரி 12-க்குச் சில நாள் முன்பே திரும்பி வந்து நீட்டியுங்கள். முன்கூட்டியே நீட்டிப்பதால் நஷ்டம் இல்லை. புதிய ஓராண்டு, பழைய தேதி முடிந்த பிறகுதான் தொடங்கும். கட்டணம் 1,900 பாத். பாஸ்போர்ட் அதற்குள் காலாவதி ஆவதாக இருந்தால், அந்தத் தேதி வரைதான் நீட்டிப்பு கிடைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீட்டித்துவிட்டுக் கிளம்புவதானால், நீட்டிப்பு முத்திரை விழுந்த பிறகுதான் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. பழைய அனுமதியின் மேல் வாங்கியது பழைய தேதியோடு முடிந்துவிடும். ஒரு முறை போய் வர 1,000 பாத், பல முறைக்கு 3,800. மனைவிக்கும் தனியாக வாங்க வேண்டும்.

அடுத்து பணம். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் முழு 8 லட்சமும் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு 3 மாதம் அதைத் தொடக் கூடாது. மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஜனவரி தொடக்கத்தில் நீங்கள் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொண்டால், நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பணம் பூட்டியே இருக்க வேண்டும். கல்யாணம் சரியாக நடுவில் வருகிறது. ஆண்டின் வேறு எந்த மாதமாக இருந்தாலும் 5 லட்சம் எடுக்க முடியாது. மிச்சம் 3 லட்சம்தானே இருக்கும்? அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது ஓராண்டுக் கணக்கை வரி வரியாகப் பார்ப்பார்கள், ஒரு நாள் குறைந்திருந்தாலும் தெரிந்துவிடும். கல்யாணச் செலவுக்கு சிங்கப்பூர் சேமிப்பிலிருந்து நேராகக் கோவைக்கு அனுப்புங்கள்.

'பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் சில நாள் போட்டு எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் ஏஜென்டுகள் அங்கே உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பொய்க் கணக்கில் வாங்கிய அனுமதி எந்த நாளும் பறிபோகலாம், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் 65,000 பாத் உங்கள் தாய்லாந்து வங்கிக்கு வருகிறதென்றால், வைப்புக்குப் பதிலாக அதையே காட்டும் நேர்மையான வழி இருக்கிறது. ஆனால் 12 மாத வரவுகளுக்கும் வங்கிச் சான்று கேட்பார்கள்.

90 நாள் ரிப்போர்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அது முகவரியைத் தெரிவிப்பது மட்டுமே. நீட்டிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாட்டில் இல்லாதவர் தர வேண்டியதில்லை. திரும்பி இறங்கும் நாளிலிருந்து எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். கெடு நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை தரலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்த 8 லட்சம் உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது. மனைவியின் அனுமதியோ உங்களுடையதைச் சார்ந்தே நிற்கிறது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், துக்கத்தின் நடுவே அவர் தங்கும் உரிமையும் ஆடிப்போகும். கணக்கிலிருந்து பணம் எடுக்க தாய்லாந்து நீதிமன்றத்தின் உத்தரவுக்கு அலைய வேண்டி வரும். அங்கேயே ஒரு வழக்கறிஞரை வைத்து தாய் மொழியில் உயில் எழுதி வையுங்கள். மனைவிக்கும் 50 வயது ஆகியிருந்தால், வசதி உள்ளபோது அவர் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி 8 லட்சம் சேர்த்து, அடுத்த நீட்டிப்பை அவருடைய சொந்தத் தகுதியில் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். இதற்கு மட்டுமாவது கல்யாண வேலை முடிந்தவுடன் நேரம் ஒதுக்குங்கள்.